பூனைக்கு ஓடாத நாய்

யாராவது என்னிடம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால், அவர்கள் முடிப்பதற்குள் நான் முடித்துவிடுவேன். பிறவிக் குணம். பக்கத்து வீட்டு அக்கா, "உங்க வீட்டு வாசக் குழாயில..." என்று இழுத்தால், "தண்ணி வரல, தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். அவள் சொல்ல வந்தது, குழாயை மூடாமல் விட்டதால் தண்ணீர் தெருவெல்லாம் ஓடுகிறது என்பதாக இருக்கும். "ஏட்டி, ஒரு ஆளு வாயத் தொறந்து மூடுறதுக்குள்ள உனக்கு அப்படி என்ன அவசரம்?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் நேர் எதிர். கடைசிச் சொல் வந்து சேரும்வரை முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும்.

அவருக்குப் பக்கவாதம் வந்த அன்று கொழுந்தனார் போன் செய்தார். "மதினி, அண்ணன ஆஸ்பத்திரியில..." என்று சொல்லி மூச்சு வாங்க நின்றார். அந்த மூச்சுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான் எல்லாவற்றையும் பறிகொடுத்து, ஒப்பாரி வைத்து, பிள்ளைகளை எப்படிக் கரையேற்றுவது என்றும் யோசித்து முடித்துவிட்டேன். "...சேத்திருக்கோம், பதறாம வாங்க" என்று மிச்சம் வந்தது. என்ன நடந்தது என்கிற சொல்லைக் கடைசியில் வைத்துப் பேசுகிறவர்கள் நாம். அதுவரைக்கும் மனசைக் கட்டிப்போட யாராலும் முடியாது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை தொங்கிப்போயிற்று. வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். பேச்சில் மிஞ்சியது "அதான்", "சரி", "போ" என்று இரண்டு மூன்று சொற்கள். பசி என்றாலும் அதான், தலைவலி என்றாலும் அதான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மேஸ்திரியாக நின்று ஒரு ஷெட்டையே மேய்த்த மனிதர். நானும் அதே மில்லில்தான் ஒரு காலத்தில் வேலை பார்த்தேன். பிள்ளைகள் வளர்ந்த பிறகு நின்றுவிட்டேன்.

வாரத்துக்கு ஒருநாள் அவரை பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போவேன். மடவார் வளாகம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். சின்ன வயசு. நான் டாக்டரம்மா என்று கூப்பிட்டால் கையெடுத்துக் கும்பிட்டு, "டாக்டர் இல்லம்மா, அப்படிக் கூப்பிடாதீங்க" என்பாள். அதனால் தங்கச்சி என்றே கூப்பிட்டுக்கொண்டேன். அவளுக்குப் பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை.

ஒருநாள் அவள் மேஜைமேல் பொம்மைகளை எடுத்து வைத்தாள். ஒரு பையன், ஒரு பந்து, ஒரு நாய், ஒரு பூனை. தான் சொல்வதைப் பொம்மைகளை வைத்துச் செய்து காட்ட வேண்டும் என்றாள். பையன் பந்தை உருட்டுகிறான் என்றாள். உருட்டினார். பூனையை நாய் துரத்துகிறது என்றாள். இடது கையால் நாயை ஓடவிட்டுப் பூனையை மேஜை ஓரம்வரைக்கும் விரட்டினார். அடுத்து, "நாயைப் பூனை துரத்துது" என்றாள். மறுபடியும் நாய்தான் பூனையை விரட்டியது. அவள் நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொன்னாள். அவர் அவளை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பூனையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு நாயின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தங்கச்சி, அவிய ராஜபாளையத்துக்காரவிய. எங்கூரு நாய பூனை வெரட்டுதுன்னு சொன்னா ஒத்துக்கிடுவாவளா?" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து முடித்த பிறகு சொன்னதுதான் வெகுநாள் எனக்குள் கிடந்தது.

"சாருக்கு ஒவ்வொரு வார்த்தையும் போய்ச் சேருதும்மா. நாய், பூனை, துரத்துது, எல்லாம் வந்துருது. யாரு யாரைங்கிற முடிச்சு மட்டும் அவிழ்ந்து போகுது. அதனால தனக்குத் தெரிஞ்ச உலகத்த வச்சு அவங்களே ஒரு முடிச்சுப் போட்டுக்கிடுறாங்க."

"அத நான் தெனம் செய்யுதேன். எனக்கு ஒண்ணும் பக்கவாதம் வரலையே" என்றேன்.

"எல்லாருமே செய்யுறதுதான். யாரும் ஒரு பேச்ச கடைசிவரைக்கும் காத்திருந்து புரிஞ்சுக்கிடுறதில்ல. பாதியிலயே மனசு ஒரு வழிய ஊகிச்சு ஓட ஆரம்பிச்சிரும். கடைசி வார்த்தை வேற மாதிரி வந்தா, நாம திரும்பி வந்து சரியான வழியில போவோம். நமக்கே தெரியாம நடக்குற வேல அது. சாருக்குத் திரும்பி வர்ற பாதைதான் அடைஞ்சு கெடக்கு."

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். பால்கோவாக் கடை. வாங்கணுமா என்று கேட்டால் அந்தக் கேள்வி மட்டும் எந்த அடைப்பிலும் சிக்காமல் போய்ச் சேர்ந்துவிடும். வாங்கிக் கொடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. வீட்டில் நாங்கள் எல்லோரும் அவருக்கு எல்லாம் புரிகிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். சாப்பிடுதீயளா, மாத்திரை போட்டாச்சா, டிவியப் போடவா என்று நாங்கள் பேசியது எல்லாமே நாய் பூனையைத் துரத்துகிற பேச்சு. எதிர்பார்க்காத ஒன்றை அந்த வீட்டில் அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

அப்படிச் சொல்ல வேண்டிய நாளும் வந்தது.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மகன், இளையவள் மகள். கொழுந்தனார் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரருக்கும் பட்டாளத்து ஆசை உண்டு. குடும்பத்தில் ஒருத்தராவது ஊரில் இருக்க வேண்டுமென்று மில்லோடு நின்றுவிட்டார். மிச்ச ஆசையை மகன் மேல் இறக்கி வைத்தார். விடியும் முன்னே அவனை சைக்கிளில் கூட்டிப்போய் மைதானத்தில் ஓடவிடுவார். அவனும் ஓடினான். ஆள்தேர்வில் ஓட்டத்திலேயே மூச்சு வாங்கி விழுந்தான். மறுமுறையும் அப்படியே. பிறகு பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அப்பாவும் மகனும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் அண்ணனின் பழைய ஷூவுக்குள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு மகள் ஓட ஆரம்பித்தாள். மத்தியப் படை ஒன்றில் தேர்வாகியும் விட்டாள். வடக்கே எங்கோ பயிற்சி, அங்கே வந்து சேரச் சொல்லி உத்தரவு வந்தது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இவள் பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுகிறவள், படைக்கு மட்டும் முந்திக்கொண்டாள்.

சேதி வந்ததும் கொழுந்தனார் இனிப்போடு ஓடி வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்காரரைச் சூழ்ந்துகொண்டு சொன்னோம். "அண்ணே, நம்ம புள்ள செலக்ட் ஆயிட்டா! பட்டாளத்துக்குப் போறா!" என்று கொழுந்தனார் கத்தினார். அவர் முகம் மலர்ந்தது. கண் நிறைந்தது. "அதான், அதான்" என்று ஒவ்வொருவர் கையாகப் பிடித்து ஆட்டினார். எங்களுக்கும் அழுகை. அன்று வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் மகன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டு வந்து அவன் பின்னால் நின்றார். இடது கையின் இரண்டு விரல்களைக் கத்தரிபோல் ஆக்கி அவன் தலைமேல் ஓடவிட்டார். பிறகு முடிவெட்டும் கடை இருக்கும் திசையைக் காட்டினார். அவன் முதுகில் தட்டி, தன் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார், இப்படி நிற்க வேண்டும் என்று. மகனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கையில் இட்லித் தட்டோடு வந்த மகளுக்கும் புரிந்தது. செலக்ட், பட்டாளம், போவது, எல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. யார் என்பதை மட்டும் அவரே நிரப்பிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மகன் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றான். அவர் அந்தத் தலையைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். பக்கவாதம் வந்த பிறகு அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மகள் அவனைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப்போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"ரெண்டு தடவ ஓடியும் இந்தச் சந்தோசத்த என்னால அவருக்குக் குடுக்க முடியல. முடி வெட்டுனா குடுக்கலாம்னா, குடுத்துட்டுப் போறேன். உனக்கு என்ன?" என்றான். எனக்கு அவனை அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது.

"ஏலே, அவ ரயிலேறிப் போன பொறவு நீ இங்கனயே நின்னுக்கிட்டிருந்தா அவிய என்ன நெனைப்பாவ?" என்றேன்.

"அதும்மா. அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றாள் மகள். "நான் போனதுக்குப் பொறவு அப்பா என்னயத் தேடுவாக. எங்கேன்னு கேக்கக்கூட அவுகளுக்கு வாய் கெடையாது. நீங்க சொன்னாலும் போய்ச் சேராது. ஒரு வார்த்த சொல்லாம போயிட்டான்னுதான் அவுக மனசுல நிக்கும். அப்பாவுக்குத் தெரியாம நான் ரயிலேற மாட்டேன். வேல போனாப் போகட்டும்." பிறகு, "நீ சொன்னியே, நான் அந்தப் பொம்மைப் பூனை மாதிரி ஆயிட்டேன்லம்மா. என்னத் தூக்கி ஓரமா வச்சிட்டாக" என்றாள்.

அவள் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. சின்னச் சின்னதாகச் சொல்லிப் பார்த்தோம். கொழுந்தனாருக்கு எதையும் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று நம்பிக்கை. அவர் சொல்லச் சொல்லத் தெருவே புரிந்துகொண்டது, அண்ணனுக்கு மட்டும் புரியவில்லை. மகள் போனில் பெண் போலீஸ் படங்களைக் காட்டினாள். அவர் ரசித்துப் பார்த்துவிட்டுப் போனை வாங்கி மகனிடம் நீட்டினார். சித்தப்பாவின் பழைய தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். சின்ன வயசில் அவள் மாறுவேடம் போட்டபோது சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். "விடுங்க மதினி, அண்ணன் தலையாட்டிட்டாருல்ல, அம்புட்டுத்தான்" என்றார் கொழுந்தனார். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக் கிரைண்டர் பழசு. ஓடினால் தெருமுனைவரைக்கும் கேட்கும். அவர் அடுப்படி வாசலுக்கு வந்து, கொல்லையில் அவருடைய சைக்கிள் நிற்கும் இடத்தைக் காட்டினார். இடம் காலியாக இருந்தது. கொழுந்தனாரின் புல்லட் ரிப்பேராகிக் கிடந்ததால் அன்று காலை அவர்தான் அந்த சைக்கிளை எடுத்துப்போயிருந்தார். கை நிறைய மாவு. கத்தினாலும் கேட்காது. என்னையறியாமல் நான் மீசையை முறுக்கிக் காட்டினேன், உங்கள் தம்பி என்று. நிறுத்தினேன். அவர் புருவத்தை உயர்த்தினார். இரண்டு கையாலும் பெடல் சுற்றுவதுபோல் காட்டி அவரைச் சுட்டினேன், உங்கள் சைக்கிள். புருவம் உயர்ந்தது. போயாச்சு என்று கையை வீசினேன்.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். இடது கையால் மீசையை முறுக்கி, தொப்பையைத் தள்ளி, சைக்கிள் மிதிப்பதுபோல ஆடிக் காட்டினார். பட்டாளத்துக்காரர் புல்லட்டைவிட்டு இறங்கி சைக்கிள் மிதிப்பது என்பது இந்த ஊரில் யாரும் ஊகிக்கக்கூடிய விஷயமே அல்ல. அவர் ஊகிக்கவில்லை, புரிந்துகொண்டார். கைகளிலிருந்து மாவு சொட்டச் சொட்ட நான் நின்றுகொண்டிருந்தேன்.

மில்லுக்குள் இருந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டும். நூல் நூற்கிற ஷெட்டில் மிஷின்கள் வரிசையாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அங்கே பேச்சு என்பது கையும் உதடும் கண்ணும்தான். அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் யார் என்று காட்ட வேண்டும். எதிராளி புருவத்தைத் தூக்கினால், வந்து சேர்ந்தது என்று அர்த்தம். அதன் பிறகுதான் அடுத்தது. புரியவில்லையென்றால் உள்ளங்கையை ஆட்டுவார்கள், நீங்கள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாதியில் தெரிந்துவிட்டது என்று யாரும் திரும்பிக்கொள்ளக் கூடாது. ஓடுகிற மிஷினில் கையை விடப்போகிறவரிடம், நிறுத்தியிருக்கிறதா ஓடுகிறதா என்பதை ஊகத்துக்கு விட முடியாது. வீட்டிலும் தெருவிலும் முந்திரிக்கொட்டையாக இருந்த நான்கூட ஷெட்டுக்குள் கடைசிவரை காத்திருப்பேன்.

அவர் மேஸ்திரி ஆவதற்கு முன்னால் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மிஷின்களில் நின்றவர்கள். ஒவ்வொருவருக்கும் மிஷினில் ஒரு பக்கம், அதை சைடு என்போம். சைடில் நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும், அதுதான் வேலை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மில்லின் பிள்ளைக் காப்பகத்தில் விட்டிருந்தேன். அவள் பாலுக்கு அழுதால் அங்கிருக்கும் ஆயா ஷெட் வாசலில் வந்து நிற்பாள். என் சைடை விட்டு நான் எப்படிப் போவேன்? அவர் அடுத்த சைடிலிருந்து பார்த்துவிடுவார். முதலில் என்னைக் காட்டுவார். வாசலைக் காட்டுவார். பிறகு தன் நெஞ்சில் கையை வைப்பார். கடைசியாக என் மிஷினைக் காட்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நூலை ஒட்டுவதுபோல் உருட்டுவார். நீ போ, உன் சைடை நான் பாத்துக்கிடுதேன். நான் புருவத்தைத் தூக்கிவிட்டு ஓடுவேன். அவர் தன் சைடையும் என் சைடையும் மாறி மாறி ஓடிப் பார்த்துக்கொள்வார். எங்கள் மகள் குடித்து வளர்ந்த பாலில் அந்தச் சைகைக்கும் பங்கு உண்டு.

அந்தப் பேச்சை வீட்டுக்குள் நாங்கள் பேசியதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை பேசினோம். என் மாமியார் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றித்தான் இரண்டு பேரும் மூஞ்சியைக் கோணிக் காட்டிக்கொள்கிறோம் என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதோடு ஷெட் பேச்சை மில் வாசலிலேயே விட்டுவிட்டு வருவது என்று ஆனது. தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடியவள் கதைதான் என் கதை.

அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது தங்கச்சியிடம் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செய்து காட்டச் சொன்னாள். நான் பூனையைக் காட்டினேன். புருவம். துரத்துவதாகக் காட்டினேன். புருவம். நாயைக் காட்டினேன். அவர் பொம்மைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்கிற முகத்தோடு பூனையை எடுத்து நாயை விரட்டினார். மேஜையிலிருந்து நாய் கீழே விழுந்தது.

தங்கச்சி கைதட்டியே விட்டாள். "ஒவ்வொண்ணும் போய்ச் சேர்ந்துச்சான்னு பாத்துட்டுத்தான அடுத்ததுக்குப் போறீங்க. திரும்பி வரவேண்டிய தேவையே வரலம்மா. எல்லாருக்கும் இப்படி ஒரு வழி மிச்சம் இருக்கும்னு சொல்ல முடியாது. உங்களுக்கு இருக்கு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன். மகளின் விஷயத்தைச் சொன்னபோது, "அத நீங்க சொல்லாதீங்க. உங்க மகளே சொல்லட்டும்" என்றாள். மகளும் வீட்டில் அதையேதான் சொன்னாள்.

அவள் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம். அவர் அடுப்படியை ஒட்டிய கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மகன் சுவரோரம் நின்றான். சைகைகளை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆனாலும் அமைதியான வீட்டில் அவர் அதற்குள் வரவில்லை. அவள் கையைக் காட்டினால் அவர் அவள் வாயையே பார்த்தார், பேச்சு வரும் என்று.

"ம்மா, கிரைண்டரப் போடு" என்றாள்.

அரிசி ஏற்கனவே அரைபட்டிருந்தது. பரவாயில்லை என்று போட்டேன். சத்தம் வீட்டை நிறைத்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் கூர்மையானது. ஷெட்டுக்குள் நிற்கும் மேஸ்திரி திரும்பி வந்துவிட்டார்.

மகள் தன் நெஞ்சைத் தொட்டாள். நிறுத்தினாள். அவர் புருவத்தைத் தூக்கினார். வாசலைக் காட்டி இரண்டு விரலால் நடந்து காட்டினாள். புருவம். பிறகு சல்யூட் வைத்தாள். அவர் புருவம் பாதியில் நின்றது. உள்ளங்கையை ஆட்டினார், மறுபடி சொல். மறுபடி சொன்னாள். அவர் கண் மகன் பக்கம் போனது. மறுபடியும் உள்ளங்கை.

அப்போது மகன் வந்து தங்கை பக்கத்தில் மண்டியிட்டான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சுவரோரம் நின்று பார்த்ததுதான். தன் நெஞ்சைத் தொட்டான். காத்திருந்தான். அவர் புருவத்தைத் தூக்கினார். தரையைக் காட்டினான், நான் இங்கேதான். புருவம் உயரவில்லை. அவன் காத்திருந்தான். மெல்ல உயர்ந்தது. பிறகு தங்கையைக் காட்டி, அவளுக்காக ஒரு சல்யூட் வைத்தான்.

அவர் கை மடியில் விழுந்தது. மகனின் ஒட்ட வெட்டிய தலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முகத்திலிருந்த சந்தோஷம் வடிந்துபோவது தெரிந்தது. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மனசு வழக்கம்போல ஓட ஆரம்பித்தது. வேண்டாம் என்று சொல்லப்போகிறார், இவள் போக மாட்டாள், இதோடு முடிந்தது என்று கடைசிவரைக்கும் ஓடி முடித்தது. கிரைண்டரை நிறுத்தக் கையைக்கூட நீட்டிவிட்டேன். அப்புறம் ஷெட்டின் முறை நினைவுக்கு வந்தது. பாதியில் திரும்பிக்கொள்ளக் கூடாது. கையை இழுத்துக்கொண்டு நின்றேன்.

அவர் திரும்பினார். கண் சிவந்திருந்தது. முதலில் மகனை அருகில் இழுத்து, அந்தத் தலையைத் தடவினார். முன்பு தடவியதைவிட நிதானமாக, இவன் பட்டாளத்துக்குப் போகாதவன் என்று தெரிந்தே தடவினார். மகன் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பிறகு மகளைக் காட்டினார். அவள் புருவத்தைத் தூக்கினாள். வாசலைக் காட்டினார். தூக்கினாள். தன் நெஞ்சில் இடது கையை வைத்தார். தூக்கினாள். கடைசியாக அடுப்படியில் நின்ற என்னைக் காட்டினார். என்னைப் பார்த்தபடியே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத நூலை இடது கையால் உருட்டி உருட்டி ஒட்டினார்.

அந்தச் சைகையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தானாக ஒரு சட்டைப் பொத்தான் போட முடியாத மனிதர் அதைச் சொல்லுவார் என்று எந்த மனசு ஊகிக்கும்?

"ம்மா, அப்பா என்ன சொல்லுதாக?" என்று அவள் கத்தினாள். சத்தத்தில் உதடுதான் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் காதருகே போய்ச் சொன்னேன்.

"நீ போ, உன் சைட நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாவ."

அவள் அவரைப் பார்த்தாள். அழுதுகொண்டே இரண்டு புருவத்தையும் உயர்த்தினாள்.